நாலு மணி நேரமா, ஒன்றரை மணி நேரமா?



கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு விமான டிக்கெட் எடுத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அதிலுள்ள நேரத்தைக் கூர்ந்து பார்த்ததுண்டா? எங்கள் டிக்கெட்டில் புறப்பாடு காலை 9.00, சென்னை சேர்வது காலை 10.30 என்றிருந்தது. பால்மரம் வெட்டியே காலம் கழித்த என் தந்தையார், "ஏம்ப்பா, ஈப்போவுக்கே காடியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆவுது. சென்னைக்கு ஒன்றரை மணி நேரந்தானா?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆகாய மார்க்கமாகச் சென்னை சுமார் 2,600 கிலோமீட்டர். மைல் கணக்கில் 1,600க்குச் சற்று மேல். விமானம் மேலே மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. கணக்குப்படி மூன்று மணி நேரம். ஓடுபாதையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு. அங்கே இறங்கும்போது நம் கடிகாரத்தில் பகல் 1 மணி. அவர்கள் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அதனால்தான் 10.30. திரும்பி வரும்போது இதே நாலு மணி நேரம் ஆறரை மணி நேரம்போல் தெரியும்; பயப்படாதீர்கள்!

அப்பாவோ, வித்தியாசம் இரண்டே மணி நேரம் என்று சாதித்தார். அவர் சொன்னதும் ஒரு காலத்தில் சரிதான். 1982 ஜனவரி முதல் நாளன்றுதான் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அப்பாவின் மனக்கடிகாரத்தை யாரும் தள்ளவில்லை. ஊருக்குப் போன் செய்து, "பதினோரு மணிக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டார். நல்லவேளை, பெட்டி வருவதற்கே பதினொன்றைத் தாண்டிவிட்டது.

நாங்கள் போனது சுற்றிப் பார்க்க அல்ல. திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் அப்பாவின் அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தார். தாத்தா 1949இல் கப்பலேறியபோது உறவினரிடம் விட்டு வந்த பிள்ளை அவர். அன்று சென்னையிலிருந்து கிள்ளான் வர ஏறக்குறைய ஒரு வாரம். தாத்தாவின் தாயார் இறந்த செய்தி கடிதத்தில் வந்தபோது, அங்கே கருமாதியே முடிந்திருந்தது. ரஜூலா கப்பல் 1973இல் நின்றது. பின்னால் வந்த சிதம்பரம் கப்பலும் 1985இல் தீப்பிடித்ததோடு சரி.

விடியற்காலை 4 மணிக்குக் கோலசிலாங்கூர்த் தோட்டத்திலிருந்து கிளம்பினோம். சிப்பாங்கில் மூன்று மணி நேரக் காத்திருப்பு, அப்புறம் விமானம், அப்புறம் சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் சாலைப் பயணம். வீட்டு வாசலை மிதித்தபோது அவர்கள் கடிகாரத்தில் மணி 2.30, அப்பாவின் கையில் 5. ஆகப் பதின்மூன்று மணி நேரம். டிக்கெட்டை மட்டும் பார்த்து நாள் குறிக்காதீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தார் நேராகத் திருச்சிக்கே விமானம் ஏறலாம். பாதித் தொல்லை குறையும்.

அத்தைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. கையைத் தடவிப் பார்த்து, "எப்ப கப்பல் ஏறுன தம்பி?" என்று கேட்டார்.

"இன்னைக்குக் காலையிலதான்க்கா" என்றார் அப்பா.

அத்தை அதற்குப்பின் ஒன்பது நாள் இருந்தார். அப்பா கருமாதி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.