நாலு கிரவுண்டும் ஒரு கேட்டும்

பி.காம். படித்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. தெருவில் எந்தக் கணக்கு போட வேண்டியிருந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளையார் கோயில் கும்பாபிஷேக வசூலா? கூப்பிடு அவனை. தண்ணீர் லாரிச் செலவா? அதற்கும் அவன்தான். நான் படித்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது, எப்படிப் பாஸானேன் என்பது எனக்கும் பல்கலைக்கழகத்துக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் நம்புவதில்லை.

எங்கள் பூங்காவும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

சேலையூர் தாண்டி ராஜகீழ்ப்பாக்கம் போகிற வழியில் இருக்கிறது எங்கள் நகர். பூங்கா மொத்தம் நாலு கிரவுண்டு. 120 அடிக்கு 80 அடி. துருப்பிடித்த ஒரு சறுக்குமரம், பலகை போய்ச் சங்கிலி மட்டும் மிஞ்சிய ஒரு ஊஞ்சல், நாலு சிமென்ட் பெஞ்சு, ஒரு வேப்பமரம். அவ்வளவுதான் சொத்து.

2021ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். 70 வார்டுகள். அத்தனை வார்டிலும் ஆளுக்கொரு கோரிக்கை இருக்கும். வெறுங்கையோடு போய், 'பார்க்கைச் சரி பண்ணிக் குடுங்க' என்று நிற்பதைவிட, ஒரு படமும் மதிப்பீடுமாகப் போனால் மரியாதையாக இருக்கும் என்று நலச்சங்கத்தில் முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூட்டம்.

கூட்டத்தில் ஆளுக்கொன்று கேட்டார்கள். ஷட்டில் கோர்ட் வேண்டும், ராத்திரி விளையாட லைட்டோடு. வாலிபால் கோர்ட் வேண்டும். சுற்றிலும் நடைபாதை. உடற்பயிற்சிக் கருவிகள். ஒரு பெரியவர் செயற்கை நீரூற்று கேட்டார். குடிநீரே லாரியில் வருகிற தெருவில்!

"சார், நீங்க பி.காம்.தானே? ஒரு எஸ்டிமேட் போட்டுடுங்க."

சரி என்று உட்கார்ந்தேன். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வேலை வரலாம் என்பதால் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

ஷட்டில் கோர்ட் 44 அடிக்கு 20 அடி. ஆனால் கோட்டோடு சுவர் எழுப்பிவிட முடியாது. ஓடி வருகிறவன் நிற்க இடம் வேண்டும். நாலு பக்கமும் ஆறடி விட்டால் 56க்கு 32. முக்கால் கிரவுண்டு போயிற்று. வாலிபால் கோர்ட் 18 மீட்டருக்கு 9 மீட்டர். சுற்றிலும் மூன்று மீட்டர் சேர்த்தால் ஒன்றரை கிரவுண்டுக்கும் மேல். ஊஞ்சல்தான் என்னை அசத்தியது. மேல் கம்பி எட்டடி உயரம் என்றால் அதைப் போல இரண்டு மடங்கு, அதாவது பதினாறு அடி முன்னாலும் பதினாறு அடி பின்னாலும் காலியாக இருக்க வேண்டுமாம். உச்சத்தில் போகும்போது குதிக்காத குழந்தை எது? அடியில் முக்கால் அடி, ஓரடி ஆழத்துக்கு மணல் வேண்டும். நாம் அழகாக இருக்கிறதென்று சிமென்ட் கல் பதித்துவிடுகிறோம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் ஒருவர் இருக்கிறார். என் படத்தைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"சூரியன் எந்தப் பக்கம் விழும்?"

பூங்காவின் நீளம் கிழக்கு மேற்கு. நானும் கோர்ட்டை அதே வாக்கில் போட்டிருந்தேன். சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு பக்கத்துக்காரனுக்குப் பந்து தெரியாது, சூரியன்தான் தெரியும். திறந்தவெளியில் எந்தக் கோர்ட்டும் வடக்கு தெற்காக இருக்க வேண்டும் என்றார். அழித்துவிட்டுத் திருப்பிப் போட்டேன்.

ஒருவழியாக எல்லாவற்றையும் இடித்துப் பிடித்துக் காகிதத்தில் நுழைத்தபோது, மனிதர்கள் நிற்க மட்டும் இடமில்லை. எதையாவது வெட்டியாக வேண்டும். எதை? அதற்கு, இப்போது யார் எதற்கு வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமே. பி.காம். புத்தி. கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடி பெஞ்சில் ஒரு வாரம் உட்கார்ந்தேன். தினமும் ஐந்திலிருந்து ஏழு. சின்னக் குழந்தைகள், பையன்கள், இளைஞர்கள், நடக்க வரும் பெண்கள், பெரியவர்கள் என்று பத்தி பிரித்து வரவு வைத்தேன்.

எல்லாப் பத்தியிலும் கோடுகள் விழுந்தன. ஒன்றைத் தவிர. 'பெண் பிள்ளைகள், பத்து வயதுக்கு மேல்.' ஏழு நாளும் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தில் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. பதின்மூன்று வயது. இரண்டு வருடம் முன்புவரை அதே ஊஞ்சலில் இருந்து இறக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். எப்போது போவதை நிறுத்தினாள்? யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. படிப்பு, டியூஷன், செல்போன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

"போகணும்னுதான் இருக்கு. ஆனா ஒரே கேட்டுப்பா. அங்க அண்ணனுங்க பைக்கை நிறுத்தி உட்கார்ந்திருப்பாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா எல்லாரும் பார்ப்பாங்க. உள்ள போனா ஃபுல்லா கிரிக்கெட். எங்க போய் நிக்கிறது?"

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது.

இது எங்கள் தெருவின் வியாதி மட்டுமல்ல. 1990களில் ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தில் இதே கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். சுமார் ஒன்பது வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைந்தது. பையன்கள் குறையவில்லை. பிறகு இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். பெரிய செலவெல்லாம் இல்லை. ஒரே பெரிய மைதானமாக இருந்ததைப் பிரித்தார்கள். வாசல்களை அதிகமாக்கினார்கள். வாலிபால், ஷட்டிலுக்கு இடம் ஒதுக்கினார்கள், விளக்கு போட்டார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

நாலு கிரவுண்டெல்லாம் ஒரு இடமா என்றும் நினைக்காதீர்கள். போர் முடிந்து 1947ல் ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் ஒரு சின்னச் சதுக்கத்தில் மணல் தொட்டி, சில கம்பிகள், பெஞ்சுகள் என்று ஆரம்பித்தார். அடுத்த முப்பது வருடங்களில் நகரத்தின் காலி மூலைகளில் எழுநூறுக்கும் மேல் அப்படி உருவாயின.

இந்த நாலு கிரவுண்டும் யாரோ போட்ட பிச்சையல்ல. சென்னைப் பெருநகரப் பகுதியில் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைப் பொதுவுக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று பத்திர எழுத்தர்கள் சொல்வது இதைத்தான். பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அக்கம்பக்கத்துக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கொடுத்தது செல்லாது என்று 1991ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. பூங்கா அங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் சொந்தம். எல்லோரிலும் என் மகள் வருவாளா, மாட்டாளா?

அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டைப் படித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நீரூற்றுப் பெரியவர்தான் முதலில் வாய் திறந்தார். "என் பேத்தியும் வர்றதில்லை சார்."

புதிய மதிப்பீடு தயார். வாலிபால் வெட்டு. வடக்கு தெற்காக ஒரு ஷட்டில் கோர்ட், சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு பெண் பிள்ளைகளுக்கு. மணல் போட்ட ஊஞ்சல். கிரிக்கெட்டுக்கு மீதி இடம், டென்னிஸ் பந்தோடு. பராமரிப்புக்கென்று தனியாக ஒரு வரி. வருடா வருடம் பெயின்ட், கிரீஸ், மணல். இந்த வரி இல்லாததால்தான் ஊஞ்சலுக்குப் பலகை இல்லாமல் போயிற்று. முதல் வரியில், பின்பக்கத் தெருவைப் பார்த்து இரண்டாவது கேட். மொத்தப் பட்டியலில் விலை குறைந்த ஐட்டம் அதுதான்.

மனு கொடுத்தாயிற்று. சுவர் நம்முடையதல்ல, அனுமதி வரும்வரை ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது. ஆனால் பைக்கைத் தொடலாமே. பையன்களிடம் போய், தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா அன்னிக்கே எடுத்திருப்போமே அங்கிள்" என்று எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு வருடமாக ஒருவரும் சொல்லவில்லை. என்னையும் சேர்த்து.

போன சனிக்கிழமை மறுபடி நோட்டோடு உட்கார்ந்தேன். ஐந்தே முக்காலுக்கு, அந்தப் பத்தியில் முதல் கோடு விழுந்தது. என் மகள் இல்லை. பெரியவரின் பேத்தி. தனியாக வந்து, சுற்றிப் பார்த்து, பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

உங்கள் பேட்டைப் பூங்காவிலும் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். வருகிறவர்களை எண்ணுவது சுலபம். வராதவர்களுக்கும் ஒரு பத்தி போட்டு வையுங்கள்.