இருபத்தோரு நாள் கணக்கு

எங்கள் வீட்டு நாட்காட்டியில் இருபத்தோரு நாட்களுக்கு ஒரு தேதி பென்சிலால் வட்டமிடப்பட்டிருக்கும். நாகலாபுரத்தில் மற்ற வீடுகளில் அமாவாசையையும் கிருத்திகையையும் பார்ப்பதற்குத்தான் நாட்காட்டி. எங்கள் வீட்டில் அது அக்காவின் ஊசி நாளைப் பார்ப்பதற்கு. இதை எழுதும் நாங்கள் இருவரும் அவளுடைய தம்பிகள்.

1991இல் அக்காவுக்குப் பதினொரு வயது. மிளகாய்ப் பழம் பறிக்கும் நாட்களில் அவளுக்குத் தொண்டை வலி வந்தது. அம்மா உப்பு நீரில் கொப்பளிக்கச் சொன்னாள். மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். நான்கு நாளில் வலி போயிற்று. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. முழங்கால் வீங்கியது, அது வடிந்ததும் கணுக்கால், பிறகு மணிக்கட்டு. "வளர்ற பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும்" என்றார்கள். கோவில்பட்டியில் ஒரு மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். முடக்குக் காய்ச்சல், இதய வால்வைத் தொட்டிருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும் என்றார். எத்தனை ஆண்டு என்று அப்பா கேட்டார். பல ஆண்டு என்றார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.

பால்போல் வெள்ளையான, கெட்டியான மருந்து அது. இடுப்பில் போட்டால் அன்று முழுவதும் அக்கா காலை இழுத்துத்தான் நடப்பாள். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகும். எட்டு ஆண்டுகள் தவறாமல் போட்டோம். 1999இல் பெண் பார்க்க வந்தார்கள். ஊசி போட்டுக்கொள்கிற பெண் என்ற பேச்சு வெளியே போகக் கூடாது என்று வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். அக்கா நன்றாகத்தானே இருக்கிறாள், எட்டு ஆண்டு போட்டதே போதும் என்று சொன்னவர்களில் நாங்களும் உண்டு. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின் நாட்காட்டியில் வட்டம் போடுவதை நிறுத்தினோம்.

'ஏன்' என்ற கேள்விக்கு விடை பல ஆண்டுகள் கழித்து நுண்ணுயிரியல் வாசிப்பில்தான் எங்களுக்குக் கிடைத்தது. நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் வாழ்நாள் முழுவதும் இந்த ஒரு கிருமிக் குடும்பத்தையே ஆராய்ந்தவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு (1895–1981). ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை ஏ, பி, சி எனத் தொகுதிகளாக 1933இல் பிரித்தவர் அவரே. ஏ தொகுதிக் கிருமியின் மேற்பரப்பில் உரோமம்போல் நீண்டிருக்கும் 'எம்' புரதம்தான் அதன் முகம் என்பதும் அவர் காட்டியது. ஒருவகை எம் புரதத்தை எதிர்த்துப் போரிட்ட உடம்பு அந்த முகத்தைப் பல்லாண்டு மறப்பதில்லை. ஆனால் வேறொரு முகத்தோடு அதே கிருமி வந்தால் உடம்புக்கு அது முன்பின் அறியாத அந்நியன்.

இப்புரதத்தை எழுதும் மரபணுவுக்கு 'ஈஎம்எம்' என்று பெயர். அதன் வரிசையைப் படித்து வகை பிரிக்கும் முறை 1990களில் பரவியது. இன்று இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியலாளர் கே.என். பிரம்மதத்தனும் உடன் பணியாற்றியவர்களும் பள்ளிப் பிள்ளைகளின் தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த கிருமிகளை இவ்வாறு ஆராய்ந்தனர். ஒரு வட்டாரத்துப் பிள்ளைகளிடமே பல வகைகள் இருந்தன. மேலைநாடுகளில் மிகுதியாகக் காணப்படும் சில வகைகளைக் கொண்டு தடுப்பூசி செய்தால் அது நம் ஊருக்கு முழுமையாகப் பொருந்தாது என்பது இதன் பொருள். இந்நோய்க்கு இன்றுவரை நடைமுறைக்கு வந்த தடுப்பூசி எதுவும் இல்லை.

இன்னொன்றையும் அறிந்தோம். எம் புரதத்தின் சில பகுதிகள் நம் இதயத் தசையிலுள்ள மயோசின் என்னும் புரதத்தை ஒத்தவை. கிருமியை அடிக்கப் புறப்பட்ட எதிர்ப்பாற்றல் அந்தச் சாயலால் ஏமாந்து இதயத்தையும் அடிக்கிறது. ஒருமுறை இப்படி ஏமாந்த உடம்பு அடுத்த தொண்டை வலியிலும் ஏமாறும். ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் தடிக்கும். எட்டு ஆண்டு போட்ட ஊசி ஒன்பதாம் ஆண்டுக்குச் சேமிப்பு ஆகாது. தசையில் தங்கி மெல்லக் கரையும் அம்மருந்தின் காவல் மூன்று, நான்கு வாரம் மட்டுமே. வால்வு பழுதுபட்டவர்களுக்கு நாற்பது வயதுவரைகூட ஊசியைத் தொடரச் சொல்வது இதனால்தான். இத்தனை வேடம் போடும் இக்கிருமி பழைய பென்சிலினுக்கு இன்றும் அடங்குகிறது என்பது ஓர் ஆறுதல்.

ஊசி நின்ற மறு ஆண்டு அக்காவுக்குத் தொண்டை வலி வந்து போனது. யாரும் பொருட்படுத்தவில்லை. 2002இல், ஆறாம் மாதக் கர்ப்பத்தில், குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க முடியாமல் வாசலில் உட்கார்ந்தாள். மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. மதுரையில் பலூன் செலுத்தி விரித்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

இந்த மரபணுக் கதையை அக்காவிடம் நாங்கள் சொன்னபோது பொறுமையாகக் கேட்டாள். "அன்னைக்கே இதை யாராவது சொல்லியிருந்தா நானே பஸ் ஏறிப் போயிருப்பேன்டா" என்றாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. சொல்லாதவர்களைக் குறை கூறலாம். கேட்காமலே நிறுத்தியவர்கள் நாங்கள்.

இப்போது தெருவில் எந்தப் பிள்ளை தொண்டை வலி என்றாலும் அக்கா முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்கிறாள். கழுத்தோரம் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறாள். சந்தேகம் வந்தால் கஷாயத்தோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறாள். அவள் வீட்டு நாட்காட்டியில் அந்தப் பென்சில் வட்டம் பலூன் சிகிச்சைக்குப் பிறகு பல ஆண்டுகள் ஒரு முறைகூடத் தவறவில்லை.