மிட்டாய் டப்பா ஆம்ப்: பழுதுக் குறிப்புகள்

திங்கள்

பாடகரின் குரல் காணாமல் போய், வாத்தியங்கள் மட்டும் எங்கோ தொலைவில் கேட்பதுதான் ஹெட்போன் ஆம்ப் பழுதுகளில் ஆளை அதிகம் குழப்புவது. ஐசி போய்விட்டது என்று உடனே டப்பாவைத் திறப்பவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் 3.5 மி.மீ. பின்னின் கடைசி வளையம். இரு காதுகளுக்கும் பொதுவான கிரவுண்ட் அதுதான். அந்தத் தொடர்பு விட்டுப்போனால் இடது, வலது ஸ்பீக்கர்கள் தொடர் இணைப்பாகி, இரு சேனல்களின் வித்தியாசத்தை மட்டும் ஒலிக்கின்றன. ஸ்டீரியோ பதிவில் குரலை இரு சேனல்களிலும் சமமாக வைப்பது வழக்கம். கழித்தால் மிஞ்சுவது எதிரொலியும் ஓரத்து வாத்தியங்களும்தான். பின்னைச் சற்றே வெளியே இழுத்ததும் குரல் திரும்பினால் ஆம்பில் கோளாறு இல்லை. மைக் வைத்த ஹெட்செட்டின் நான்கு தொடர்புப் பின்னைச் சாதாரண ஜாக்கில் செருகும்போதும் இதே விளைவு வரலாம்.

செவ்வாய்

ஒரு காதில் சத்தமே இல்லை. பாட்டுக் கோப்பு, பிளேயர், இணைப்பு வயர், ஆம்ப், ஹெட்போன் என்ற சங்கிலியில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிச் சரியானால் எதனால் சரியானது என்றே தெரியாது. முதலில் ஹெட்போனை நேரே பிளேயரில் செருகலாம். அங்கேயும் ஊமை என்றால் ஆம்ப் நிரபராதி. ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டியும் அதே காதுதான் கேட்கவில்லை என்றால், பார்க்க வேண்டியவர் காது டாக்டர்.

வயரை வளைக்க வளைக்க விட்டுவிட்டுக் கேட்பது லூஸ் காண்டாக்ட். பின்னை ஒட்டிய முதல் ஓரிரு அங்குலத்தில்தான் அது அதிகம் இருக்கும்.

புதன்

பாட்டு ஓடாதபோதும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல். வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் விடை கிடைக்கும்: இரைச்சலும் குறைந்தால் அது பிளேயரிலிருந்து வருவது, அப்படியே நின்றால் ஆம்பினுடையது. சூ மாய் வடிவமைத்து, பலரும் ஆல்டாய்ட்ஸ் மிட்டாய் டப்பாவுக்குள் கட்டிய சிமாய் ஆம்பின் மூல வரைபடத்தில் பெருக்கம் 11 மடங்கு. நுண்ணிய இயர்போனுக்கு இது மிக அதிகம். இதே பெருக்கம்தான் இன்னொரு தொல்லைக்கும் வேர்: வால்யூம் குமிழைத் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டியிருக்கிறது, மலிவான குமிழில் இரு பக்கமும் ஒத்துப்போகாத இடம் அதுதான். ஒரு காதில் சத்தம் தூக்கலாகக் கேட்கும். பின்னூட்ட ரெசிஸ்டரை 10 கிலோ ஓமிலிருந்து 2 கிலோ ஓமாக்கினால் பெருக்கம் 3 ஆகிவிடும். இரண்டு தொல்லையும் குறையும். குமிழைத் திருப்பும்போது மட்டும் வரும் கரகரப்புக்கு காண்டாக்ட் கிளீனர் போதும்.

வியாழன்

பிளேயரைச் சார்ஜ் போட்டபடி கேட்கும்போது உறுமல். சார்ஜரைக் கழற்றியதும் அது நின்றால் கிரவுண்ட் லூப். பேட்டரியில் கேட்பதே எளிய மருந்து. சிமாயில் இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 9 வோல்ட் பேட்டரியை இரண்டு ரெசிஸ்டர்கள் பாதியாகப் பிரிக்கின்றன; நடுப்புள்ளியே கிரவுண்ட். பேட்டரியின் நெகட்டிவ் கிரவுண்ட் அல்ல. பேட்டரிக்குப் பதில் அடாப்டர் போட்டு, ஆம்பை லேப்டாப்பில் இணைத்து, இரண்டும் எர்த் வழியே சேர்ந்தால் நடுப்புள்ளி நெகட்டிவோடு ஒட்டிக்கொள்ளும். அலையின் கீழ்ப்பாதி வெட்டுப்பட்டு ஒலி சிதையும். நெகட்டிவ் வயர் டப்பாவைத் தொட்டிருக்க, ஜாக்கின் உலோகக் கழுத்தும் அதே டப்பாவைத் தொட்டாலும் இதே கதி. பிளாஸ்டிக் கழுத்துள்ள ஜாக் வாங்குவது அதனால்தான்.

வெள்ளி

'டிட்டிட் டிட்டிட்' என்ற ரீங்காரம். பக்கத்தில் 2ஜி செல்போன். அதன் ரேடியோ துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 217 முறை. போனைத் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

சனி

உரத்த இடங்களில் மட்டும் ஒலி உடைகிறது. முதலில் பிளேயரின் ஈக்வலைசரை அணைக்க வேண்டும். பேஸ் ஏற்றியதில் டிஜிட்டல் அலையே முகடு வெட்டுப்பட்டிருக்கலாம், அதை எந்த ஆம்பும் திருத்தாது. அடுத்து, பிளேயரின் வால்யூமைச் சற்று இறக்கி ஆம்பில் ஏற்றிப் பார்க்கலாம். பிறகும் உடைந்தால் பேட்டரி. ஆம்ப் ஓடும்போதே மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். சும்மா இருக்கும் பழைய பேட்டரி நல்ல அளவைக் காட்டி ஏமாற்றும்.

ஞாயிறு

சால்டரிங் அயர்ன் பட்ட ஆம்பில் நல்ல ஹெட்போனை உடனே செருகக்கூடாது. வெளியீட்டில் கிரவுண்டுக்கும் ஒவ்வொரு சேனலுக்கும் இடையே டிசி மில்லிவோல்ட்டை அளக்க வேண்டும். 20-க்குள் என்றால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் ஐசி திருப்பிப் போடப்பட்டிருக்கிறதா, சால்டர் ஒழுகி இரண்டு கால்களை இணைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். அளவு சரியான பிறகும் முதலில் செருக வேண்டியது, போனால் போகட்டும் என்கிற பழைய இயர்போன்.