பல்லைக் கடித்துக்கொண்டு

‘பல்லைக் கடித்துக்கொண்டு’ என்னும் தொடர் தமிழர் நாவில் மிகுதியாகப் புழங்குவது. கடல் கடந்து பிழைக்க வந்தவர் நாவில் அது இன்னும் மிகுதி. 1991ஆம் ஆண்டில் நாம் சென்னைத் துறைமுகத்தில் அந்தமானுக்குக் கப்பலேறியபோது, வழியனுப்ப வந்த தந்தையார் சொல்லியதும் அதுவே: “ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு வந்துடுப்பா.” அந்த இரண்டாண்டு முப்பதாண்டைத் தாண்டிவிட்டது. கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கணக்கெழுதி, சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து உறங்கிய அந்நாட்களை நினைத்தால், தந்தையாரின் சொல்லே நம்மைக் காத்தது என்று தோன்றும். ஆகவே எம் மகன் 2021இல் சென்னைக்குப் பொறியியல் படிக்கச் சென்றபோது, அதே சொல்லை அவனுக்குச் சீதனமாகக் கொடுத்தோம். தொலைபேசியில் பேசி முடிக்கும்போதெல்லாம், “நாலு வருசம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிச்சிடு” என்போம். அவனும் “சரிப்பா” என்பான்.

இரண்டாம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் அவன் தன் அறைத்தோழனையும் அழைத்து வந்தான். மதுரைப் பக்கத்துப் பிள்ளை. செல்லுலர் சிறையைப் பார்க்கவேண்டுமென்ற ஆசையில் வந்தவன். முதல் நாள் சாப்பாட்டின்போது அவன் சிரித்துக்கொண்டே, “அங்கிள், ராத்திரி ரெண்டு மணிக்கு மேல இவன் பல்லுல மாவாட்டுவான். ரூமே நறநறங்கும்” என்றான். அனைவரும் சிரித்தோம். எம் மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. “வயித்துல பூச்சி இருக்கும், வேப்பங்கொழுந்து அரைச்சுக் கொடு” என்றார். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் காரணம் அது. வேப்பங்கொழுந்தும் கொடுக்கப்பட்டது; அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான். நான்காம் நாள் கைமுறுக்கைக் கடித்தபோது கடைவாய்ப்பல்லில் ஒரு சில்லு பெயர்ந்து கையில் வந்தது. இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளைக்கு முறுக்கால் பல் உடையுமா என்று துணைவியார் கலங்கிவிட்டார்.

பல் மருத்துவர் முறுக்கின் மேல் பழி போடவில்லை. கண்ணாடியைப் பிடித்து நமக்குக் காட்டினார். கூர் இருக்கவேண்டிய பற்களின் தலை, தேய்ந்த அம்மிபோலத் தட்டையாயிருந்தது. கன்னத்தின் உட்புறத்தில் பற்கள் அழுத்திய வெண்கோடு ஓடியது. காதருகே தாடையைத் தொட்டதும் மகன் முகம் சுருங்கியது. காலையில் தலைவலியோடு எழுவதுண்டா என்று கேட்டார், உண்டு என்றான். எத்தனை மணிக்கு உறங்குகிறாய் என்றார். இரண்டு, இரண்டரை என்றான். எத்தனை தேநீர் என்றார்; கணக்கில்லை என்றான். “மனசுல ஏதாவது பாரம் இருக்கா?” என்று கேட்டபோது, அவன் மருத்துவரைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்த்தான். “ஒண்ணுமில்ல டாக்டர்” என்றான்.

அவர் பொறுமையாக விளக்கியதை, பிள்ளைகளைத் தொலைவில் படிக்க வைத்திருக்கும் பிற பெற்றோருக்காக இங்கே எழுதிவைக்கிறோம். உறக்கத்தில் பல் கடிப்பது வயிற்றில் தொடங்குவதன்று, மூளையில் தொடங்குவது. உறக்கம் ஆழமாயிராத வேளையில் மூளை விழித்தும் விழியாமலும் ஒரு கணம் அசைகிறது. இதயம் சற்று விரைந்து துடிக்கிறது. அதைத் தொடர்ந்து தாடைத் தசைகள் தாளம் தப்பாமல் இறுகி இறுகித் தளர்கின்றன. கடிப்பவனுக்கு அது தெரியாது, பக்கத்தில் படுத்தவனுக்குத்தான் தெரியும். சிறு குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்பட்டு வயது ஏற ஏறக் குறைவது அதன் இயல்பு. மற்றபடி நலமாயிருப்பவரிடத்தில் இதனை நோயென்று கொள்ளாமல் தசைகளின் ஒரு செயலென்றே கொள்ளவேண்டுமென 2018இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி உரைத்திருக்கிறார்கள். ஆயினும் காபி, தேநீர், புகை, மது ஆகியவை அதனை மிகுவிக்கக்கூடும். பகலில் நம்மை அறியாமலே தாடையை இறுக்கிக்கொள்ளும் பழக்கமோ மனக்கவலையோடு இன்னும் நெருங்கிய உறவுடையது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவேண்டிய தேவையே இல்லையாம். உதடு மூடியிருக்கட்டும், பற்கள் விலகியிருக்கட்டும் என்றார். நாம் உடனே நம் வாயைச் சோதித்துப் பார்த்தோம். ஐம்பது வயதைக் கடந்த நம் பற்கள் இறுகப் பூட்டியிருந்தன.

உறக்க நேரத்தைப் பற்றி அவர் கேட்டது நம்மை வேறொரு கணக்கில் ஆழ்த்தியது. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு வகுக்கப்பட்டது. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள நம் போர்ட் பிளேரோ 92¾ பாகைக்கு அருகில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால், கடிகாரத்துக்கு முன்னே நாற்பது நிமிடம் நம் சூரியன் நடக்கிறான். சென்னைச் சூரியனுக்கோ ஐம்பது நிமிடம் முன்னே. ஜூன் மாதத்தில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும்; டிசம்பரில் மாலை ஐந்து மணியளவில் விளக்கேற்றியாக வேண்டும். இவ்வூர்ப் பிள்ளைகள் இரவு ஒன்பதுக்குக் கண் சொக்கி, கோழியோடு எழுந்து வளர்ந்தவர்கள். அவர்களைக் கொண்டுபோய், நள்ளிரவில் வாயிற்கடையில் தேநீர் குடித்து, ஞாயிறு நண்பகல் வரை உறங்கும் விடுதியில் விடுகிறோம். இளமையில் உடற்கடிகாரம் இயல்பாகவே பின்னோக்கி நகரும் என்கிறது அறிவியல். அதற்கும் மேலாகக் கைப்பேசியின் வெளிச்சம் வேறு. விடுதியைமட்டும் குறை சொல்லவும் நமக்கு வாயில்லை. 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் இங்கு வந்து சேர்ந்தபின், ஒரு படம் இறங்க இரவெல்லாம் காத்திருந்த நம் தீவிலும் இரவுகள் நீண்டுவிட்டன.

மருத்துவமனையிலிருந்து திரும்புகையில் மெரினா பூங்காவில் அமர்ந்தோம், தந்தையும் மகனும் மட்டும். மணி ஐந்து, இருட்டிக்கொண்டு வந்தது. நாம் எதையும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்: முதலாண்டில் இரண்டு தாள்களில் தேறவில்லை, மீண்டும் எழுதியும் ஒன்று நின்றுவிட்டது, ஓராண்டாக எம்மிடம் மறைத்து வந்திருக்கிறான். “ஏன்டா சொல்லல?” என்றோம். “சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும்பா” என்றான். அதில் கோபமில்லை, கிண்டலும் இல்லை. எதிரே ராஸ் தீவின் கலங்கரை விளக்கு மின்னி மின்னி மறைந்தது. நமக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நம்மிடம் இருந்தது அந்த ஒரு தொடர்தான்.

அந்தச் சொல்லால்தான் பல் தேய்ந்தது என்று நாம் கூறவில்லை. காரணம் பல என்று மருத்துவரே சொன்னார். தேநீரும் உண்டு, விழிப்பும் உண்டு. ஆனால் அன்றிரவு நாம் உறங்கவில்லை. நள்ளிரவுக்குப் பின் எழுந்து அவர்கள் படுத்திருந்த அறை வாசலில் நின்றோம். கேட்டது. உலர்ந்த தேங்காய் ஓட்டைக் கருங்கல்லில் இழைப்பதுபோல ஓர் ஓசை, நின்று, மீண்டும் தொடங்கி. துணைவியாரும் வந்து பக்கத்தில் நின்றார். எழுப்பலாமா என்றார் சைகையால். வேண்டாமென்று தலையசைத்தோம்.

அச்செடுத்து ஒரு பல்லுறை செய்து கொடுத்தார்கள். அது கடிப்பதை நிறுத்தாது, பல்லைமட்டும் காக்கும் என்று தெளிவாகவே சொன்னார் மருத்துவர். மாலைக்குப் பின் தேநீர் கூடாது, விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழவேண்டும் என்று எழுதியும் கொடுத்தார். அதில் எவ்வளவு விடுதியில் நடக்குமோ! நின்றுபோன தாளை அடுத்த மே மாதத்தில் எழுதித் தேறினான். தனி வகுப்புக்குப் பணம் அனுப்பினோம். அது முன்பே அனுப்பியிருக்க வேண்டிய பணம்.

இப்போதெல்லாம் தொலைபேசியை வைக்கும் வேளையில் நமக்குச் சற்றுத் தடுமாற்றம் வந்துவிடுகிறது. பழைய சொல் நாவின் நுனிவரை வரும், விழுங்கிவிட்டு, “நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே?” என்று கேட்போம். சில நாள் உண்மை சொல்வான், சில நாள் பொய் சொல்வான் என்பது குரலிலேயே தெரியும். அந்த டிசம்பரில் அவன் ஊர் திரும்பிய மறுநாள், சமையலறை மாடத்தில் எவர்சில்வர் டம்ளரில் பல்லுறை அப்படியே கிடந்தது. அடுத்த கப்பலில் சென்னை செல்லவிருந்த அன்பர் ஒருவரிடம், ஒரு பொட்டலம் முறுக்கோடு அதையும் துணைவியார் கொடுத்தனுப்பினார்.