மெழுகு மூக்கும் அச்சிட்ட எலும்பும்

1791 மார்ச் மாதத்தில் காரன்வாலிஸின் படை பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றியது. அந்த மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயருக்காகப் பொதிமாடு ஓட்டிய கவாஸ்ஜி என்னும் மராட்டியர், 1792இல் திப்புவின் ஆட்களிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், புனே அருகே செங்கல் செய்யும் குடியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புது மூக்கு அமைத்தார். 1794இல் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' அச்செய்முறையை வெளியிட்டது.

கத்திக்கு முன் அவர் கையில் எடுத்தது மெழுகு. மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கிருந்த இடத்தில் பொருத்தி, நல்ல மூக்காக வடித்தார். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிலும் கோடு வரைந்தார். அந்தக் கோட்டின்படியே தோலை எடுத்து, புருவங்களுக்கிடையே ஒரு காம்பை மட்டும் விட்டுத் திருப்பிப் பொருத்தினார். வெட்டிய தோலை மீண்டும் நீட்ட இயலாது. பிழை செய்ய வேண்டுமானால் மெழுகில் செய்யலாம்.

இன்று அந்த மெழுகின் இடத்தில் முப்பரிமாண அச்சு இருக்கிறது. பெங்களூரின் ஆஸ்டியோ3டி போன்ற நிறுவனங்கள் சி.டி. ஸ்கேன் தரவிலிருந்து நோயாளியின் எலும்பை உள்ளபடி அச்சிட்டுத் தருகின்றன. ஒரு கன்னம் நொறுங்கியிருந்தால், நலமான மறுகன்னத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி இழந்த வடிவத்தைப் பெறலாம். அதன்மேல் டைட்டானியத் தகட்டை முன்னரே வளைத்து வைக்கலாம். திறந்த காயத்தின்மேல் வளைத்து வளைத்துப் பார்க்கும் நேரம், அதாவது நோயாளி மயக்கத்தில் கிடக்கும் நேரம், குறைகிறது.

ஆனால் மாதிரியும் பொய் சொல்லும். கண்குழியின் அடித்தளம் காகிதம்போல் மெல்லியது. ஸ்கேனில் மங்கலாகப் பதியும் அவ்வெலும்பைக் கணினி விட்டுவிட்டால், அச்சில் அங்கே இல்லாத ஓட்டை தோன்றும். ஆகவே படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த ஒருவர் பொறுமையாக உட்காரத்தான் வேண்டும். அச்சு இயந்திரத்தைப் பாராட்டுவோர் அவரை நினைப்பதில்லை. மேலும், அச்சிட்ட எலும்பு தோலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. புனேக்காரரின் மெழுகு அளந்ததோ தோலையே.

2021இல் கரும்பூஞ்சைக்கு மேல்தாடையை இருபுறமும் இழந்தவர்களுக்குக் கண்ணாடிப் பிம்பமும் உதவாது. திருப்புவதற்கு மறுபக்கமே இல்லை. எலும்பை அகற்றுமுன் எடுத்த ஸ்கேன்தான் பழைய முகத்தின் அளவைத் தாங்கி நிற்கிறது. அச்சுக்குத் தேவை ஃபிலிம் அன்று, உடன் தரப்படும் குறுந்தகட்டின் தரவு. வீடுகளில் பத்திரமாக இருப்பது பெரும்பாலும் ஃபிலிம்தான்.