ஒரம்பரை வந்த வாரம்

தை பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பே எங்கள் சாளையில் அடுப்பு அணையாமல் எரிய ஆரம்பித்துவிட்டது. மகன் வீட்டில் 4 பேர், மகள் வீட்டில் 4 பேர், என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும், என்னோடு சேர்த்து 11 பேர். வருசத்தில் மற்ற நாளெல்லாம் இந்தத் தோட்டத்துச் சாளையில் நான் ஒருத்திதான். துணைக்கு மயிலை, செவலை என்று இரண்டு மாடு, ஒரு கிடாரி, 14 ஆடு. காங்கேயத்துக்கும் வெள்ளக்கோவிலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். விருந்தாளியை இங்கே ஒரம்பரை என்போம். பெற்ற பிள்ளைகளே ஒரம்பரையாக வருகிற காலம் இது.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பலகாரம்தான். கச்சாயத்துக்கு அரிசியை ஊறப்போட்டு, வெல்லம் தட்டி, முறுக்கு மாவு பிசைந்து முடிப்பதற்குள் என் விரல் கணுக்கள் வீங்கிவிட்டன. மருமகள் வந்ததும் வராததுமாகச் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். "அத்தை, நீங்க எந்திரிங்க. இனி கரண்டியத் தொட்டீங்கன்னா பாருங்க" என்றாள். திட்டுவது போலத்தான் பேசுவாள். ஆனால் வேலைக்கு அஞ்ச மாட்டாள்.

மகன் கொண்டுவந்த பையை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். அதிலிருந்து ஒரு காகிதக் கட்டு கீழே விழுந்தது. மேலேயே எங்கள் காட்டின் சர்வே எண் இருந்தது. கண்ணாடி போட்டுப் படிக்கும் முன்பே அவன் பார்த்துவிட்டான். "நோம்பி முடியட்டுங்மா, பேசலாம்" என்று வாங்கி வைத்துக்கொண்டான். சூரிய மின்சாரத் தகடு வைக்கிற கம்பெனிக்குக் காட்டை 25 வருசக் குத்தகைக்கு விடுகிற பேச்சு அது. ஊரில் இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே விட்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் தோட்டமும் 4 ஏக்கர் கொறங்காடும். மற்ற மாவட்டத்து வாசகர்களுக்குக் கொறங்காடு தெரியாமல் இருக்கலாம். உழாமல் விட்ட மேய்ச்சல் காடுதான் அது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல் மரம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்தால் புல் தானாக வரும். வெயில் காலத்தில் புல் காய்ந்து போனாலும் வெள்வேலங்காய் உதிரும், ஆடுகள் பொறுக்கித் தின்னும். விதைச் செலவில்லை, உரச் செலவில்லை. வேலியில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்தக் கொறங்காடு இருப்பதால்தான் இந்தப் பக்கம் காங்கேயம் மாடு நின்றது.

கம்பெனிக்காரர்கள் ஏக்கருக்கு வருசம் 30,000 ரூபாய் தருவதாகப் பேச்சு. 4 ஏக்கருக்கு 1,20,000. என் ஆடுகள் நல்ல வருசத்தில் 70,000 தரும், மழை பொய்த்த வருசத்தில் அதில் பாதி. எருவையும் பாலையும் சேர்த்துக் கூட்டினாலும் கணக்கு என் பக்கம் இல்லை. அது எனக்கே தெரியும்.

புதன்கிழமை காப்புக் கட்டு. மத்தியானமே பேரன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு வேலியோரம் போனேன். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றும் வேண்டும். மகன் வழிப் பேரனுக்கு 11 வயசு, திருப்பூரில் படிக்கிறான். "ஆத்தா, பூளைப்பூ இங்க சும்மாவே கெடைக்குமா? எங்க வீதியில கட்டு 20 ரூபாய்க்கு விக்கிறாங்க" என்றான். மூட்டை கட்டி எடுத்துப் போய் விற்கலாமா என்று அடுத்த கேள்வி. மகள் வழிப் பேத்திக்கு 9 வயசு. அவளுக்குச் சாக்கு நிறைய ஓணான் பிடிக்க வேண்டும் என்று ஆசை. பொழுது சாயும் நேரத்தில் வீட்டு எறவாணம், கட்டுத்தரை, கிணற்று மேடு, ஆட்டுப்பட்டி எல்லா இடத்திலும் கட்டி முடித்தோம். கொறங்காட்டுக் கடவிலும் ஒரு கொத்துக் கட்டச் சொன்னேன். மகன்தான் கட்டினான். ஒன்றும் பேசவில்லை.

வியாழக்கிழமை வாசல் பொங்கல். அது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். பால் கிழக்கே பொங்கியது, பிள்ளைகள் கத்தின, எல்லாருக்கும் சந்தோசம்.

எங்கள் பக்கம் பெரிய நோம்பி என்றால் மறுநாள் வருகிற பட்டிப் பொங்கல்தான். விடிந்ததும் மாடுகளைக் கிணற்றுத் தொட்டிக்கு ஓட்டிப் போய்க் கழுவினோம். மாட்டைக் கழுவியதை விடப் பிள்ளைகள் நனைந்ததுதான் அதிகம். மாப்பிள்ளை ஈரோட்டில் கடை வைத்திருப்பவர், மாட்டுக்குப் பக்கத்தில் வரவே யோசிப்பார். அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிடாரிக்கு முதுகு தேய்த்துவிட்டார். கிடாரி வாலால் அவர் முகத்தில் ஒன்று வைத்தது. கொம்புக்கு எந்த நிறம் என்று ஒரு மணி நேரச் சண்டை. கடைசியில் மயிலைக்குச் சிவப்பு, செவலைக்கு நீலம். புது மூக்கணாங்கயிறு, கழுத்துக்குச் சலங்கை.

சாயங்காலம் பட்டிக்குள் தெப்பக்குளம் வெட்டினோம். மண்ணில் சின்னதாகக் குழி பறித்து, சாணியால் கரை கட்டி, தண்ணீர் நிரப்பி, பூவும் காப்புத் தழையும் போட வேண்டும். அது நிறைந்து நின்றால் அந்த வருசம் கிணறும் குளமும் நிறையும் என்பது எங்கள் நம்பிக்கை. என் வீட்டுக்காரர் இருந்தவரை கரை கட்டுவது அவர் வேலை. அவர் போய் 6 வருசம் ஆகிறது. இந்த வருசம் பெரிய பேத்தி கட்டினாள். 15 வயசுப் பெண், சாணியில் கை வைக்க மாட்டாள் என்று நினைத்தேன். முழங்கை வரைக்கும் பூசிக்கொண்டு கட்டினாள். ஒரு மூலையில் ஒழுகத்தான் செய்தது. பொங்கல் வைத்து, பட்டியைச் சுற்றி வந்து, தாம்பாளம் தட்டிக்கொண்டே கிடாரியைத் தெப்பக்குளத்தில் மிதிக்கவிட்டோம். அது கரையைத் தாண்டிக் குதித்து ஓடியதில் என் தங்கை மேலெல்லாம் சேறு.

ராத்திரி 11 மணி இருக்கும். கட்டுத்தரைப் பக்கம் ஒரு முனகல். போய்ப் பார்த்தால் மயிலை அசை போடாமல் நிற்கிறது. இடப்பக்க வயிறு உப்பியிருக்கிறது. பல்லைக் கடிக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் தவிட்டு வாளியைப் பார்த்தேன். அடியில் பொங்கல் சோறு ஒட்டியிருந்தது. மாட்டுக்குப் பொங்கல் ஒரு கைப்பிடிதான் கொடுக்க வேண்டும். அரிசிச் சோறு அளவுக்கு மிஞ்சினால் மாட்டின் வயிற்றில் புளித்து அமிலமாகிவிடும், உயிருக்கே ஆபத்து. வருசா வருசம் இந்த நோம்பியில் யார் வீட்டிலாவது இது நடக்கிறது. நானே ஊரில் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

பேரன் அழுதுகொண்டே வந்தான். "அதுக்குத்தானே ஆத்தா பொங்கல் வெச்சோம். பாதி வாளிதான் குடுத்தேன்" என்றான். மருமகள் கை ஓங்கினாள். நான் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்தோம். விடியற்காலை வருவதாகச் சொன்னார். அதுவரை சமையல் சோடாவை அவர் சொன்ன அளவில் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும், மாட்டைப் படுக்கவிடாமல் மெல்ல நடத்த வேண்டும். மருந்து ஊற்றும்போது தலையை ரொம்பத் தூக்கக் கூடாது, புரையேறிவிடும். மகன் மயிலையின் தாடையைத் தோளில் தாங்கிக்கொண்டு மூங்கில் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய் 14 வருசம் ஆகிறது. அந்தக் கைக்கு எதுவும் மறக்கவில்லை.

மற்றவர்களைத் தூங்கச் சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கட்டுத்தரைக்கும் கிணற்றுக்கும் மாட்டை நடத்திக்கொண்டே இருந்தோம். நல்ல பனி. தலையில் துண்டு கட்டியிருந்தான். இரண்டு மணி வாக்கில் திடீரென்று கேட்டான்.

"மார்கழியில நீங்க கல்லு வழுக்கி விழுந்தீங்களாமா?"

யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். விடியற்காலை பால் கறக்கப் போனபோது கட்டுத்தரைக் கல்லில் கால் வழுக்கிவிட்டது. எழ முடியவில்லை. பால்காரர் வரும்வரை அப்படியே கிடந்தேன். அரை மணி நேரம் இருக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பெண் அவனிடம் சொல்லியிருக்கிறாள்.

"பெருசா ஒண்ணும் இல்ல சாமி. சுளுக்குத்தான்."

"மாட்டுக்கு ஒண்ணுன்னதும் இந்நேரத்துக்கு வீடே எந்திரிச்சு ஓடி வந்துச்சுங்மா. நீங்க விழுந்தன்னிக்கு யாரு வந்தாங்க?"

எனக்குப் பதில் இல்லை. அவன் காகிதத்தைக் கொண்டுவந்தது கடனுக்காகத்தான் என்று இரண்டு நாளாக மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக் கடனும் இருக்கிறதுதான், அவனே ஒத்துக்கொண்டான். ஆனால் காடு போனால் ஆடு மாடு போகும், ஆடு மாடு போனால் நான் திருப்பூருக்கு வந்துவிடுவேன் என்பதுதான் அவன் போட்ட கணக்கு.

விடிகிற நேரத்தில் மயிலை தண்ணியாகச் சாணி போட்டது. மருத்துவர் வந்து ஊசி போட்டார். மத்தியானத்துக்கு மேல்தான் அசை போட ஆரம்பித்தது. பேரன் அதுவரை சாப்பிடவில்லை.

சனிக்கிழமை பூப்பறிக்கிற நோம்பி. பெண்டு பிள்ளைகள் பலகாரம் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய் ஆவாரம்பூப் பறித்து, கும்மி அடித்து, பொழுதோடு பிள்ளையார் கோயிலுக்கு வருவோம். முன்பு ஊரே திரண்டு போகும். இந்த வருசம் எங்களையும் சேர்த்து ஆறு வீடு. எங்கள் கொறங்காட்டுக்குத்தான் வந்தார்கள், வேலியோரம் பூ நிறைய இருந்ததால். என் தங்கை 63 வயசில் சுற்றிச் சுற்றிக் கும்மி அடித்தாள். பேத்திகளுக்கு அடி எடுத்து வைக்கவே வரவில்லை, சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார்கள். கரும்புச் சக்கையைத் தின்ன ஆடுகள் கூட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. அந்தச் சத்தத்தை என் வீட்டுக்காரர் கேட்டிருக்க வேண்டும்.

நாங்கள் மூன்று பேர் வெள்வேல் மரத்தடியில் உட்கார்ந்தோம். நான், மகன், மகள். அவர் உயில் எழுதாமல் போய்விட்டதால் காட்டில் எங்கள் மூவருக்கும் சம பங்கு. மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் குத்தகை. மகள் முதலில் பேசினாள்.

"எனக்குக் காசு வேண்டாம்ணா. ஆனா கையெழுத்து வேணும்னா மட்டும்தான் தங்கச்சி நெனப்பு வருமா? அம்மா விழுந்ததக்கூட நேத்து ராத்திரி அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அவன் தலை குனிந்துகொண்டான். அந்தப் பேச்சில் எனக்கும் பங்கு உண்டு, மறைத்தது நான்தானே. நான் இருக்கிற வரை காட்டைத் தொடாதீர்கள் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் என் சாவுக்குத் தேதி பார்க்கச் சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

வெயில் தாழும்வரை பேசினோம். 10 ஆடுகளைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணுக்கு வாரத்துக்கு விடுவது என்று முடிவானது. எங்கள் கொறங்காட்டிலேயே அவள் மேய்த்துக்கொள்வாள், குட்டியில் ஆளுக்குப் பாதி. அந்தச் சாக்கில் காலையும் மாலையும் ஒரு ஆள் சாளைப் பக்கம் வந்து போகும். இருட்டில் நான் பால் கறக்கக் கூடாது, கட்டுத்தரைக் கல்லைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பாகத் தளம் போட வேண்டும். குத்தகைக் காகிதத்தைச் சித்திரை வரை எடுப்பதில்லை. இத்தனைக்கும் பதிலாக அவன் ஒன்று கேட்டான். செவலையைச் சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிப் போக வேண்டும். இரண்டு மாடு எனக்கு அதிகம் என்றான்.

சரி என்று சொல்லிவிட்டேன். செவலை இந்தக் கட்டுத்தரையிலேயே பிறந்தது. அதன் தாயும் இங்கேதான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் கிளம்பினார்கள். அரிசிம்பருப்புச் சோறு கட்டிக் கொடுத்தேன். பேரன் பூளைப்பூவை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டான். நோம்பி முடிந்த பிறகு யார் வாங்குவார்கள் என்று கேட்டால் முறைக்கிறான். வண்டி ஏறும் முன்பு கட்டுத்தரைக்கு ஓடிப் போய் மயிலையின் காதில் என்னவோ சொல்லிவிட்டு வந்தான்.

திங்கட்கிழமை பழக்கதோசத்தில் நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. வெளிச்சம் வரட்டும் என்று கயிற்றுக் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்த நேரத்தில் நான் சும்மா இருந்ததே இல்லை. எறவாணத்தில் காப்பு வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது.

"இன்னும் கறக்கலீங்களே?"

"இல்ல சாமி. உக்காந்துட்டுத்தான் இருக்கேன்."

"விடிஞ்சதும் போங்க. நான் லைன்லயே இருக்கறேன்."

போனை மடியில் செருகிக்கொண்டு சொம்பை எடுத்தேன். மயிலை அசை போட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டதாம்.