விடைத்தாளைப் பார்க்கும் உரிமை

ஜெர்மனியில் படிக்கச் செல்லும் மாணவர்களைப் பற்றி இந்தியக் குடும்பங்களில் நிலவும் முதல் நம்பிக்கை, அங்கே கல்வி இலவசம் என்பது. அது பெரும்பாலும் உண்மையே. பாடன்-வூர்ட்டம்பெர்க் போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பருவத்துக்குச் சில நூறு யூரோ செலுத்தினால் போதும். அந்நாட்டில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள் முதலிடம் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தக் கல்வி வேறு எதைக் கேட்கிறது என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகே பலருக்குத் தெரிகிறது.

இந்தூரிலிருந்து மாக்டபுர்க் நகருக்கு இயந்திரப் பொறியியலில் முதுநிலைப் படிப்புக்காகச் சென்ற ஒரு மாணவிக்கும் அப்படித்தான் தெரிந்தது. விசாவுக்காக 'பிளாக்டு அக்கவுண்ட்' எனப்படும் முடக்கக் கணக்கில் 11,904 யூரோவை முன்கூட்டியே செலுத்த வேண்டியிருந்தது. தந்தை வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து அந்தத் தொகையைத் திரட்டினார். அதே பணம் மாதம் 992 யூரோவாக அவள் கைக்குத் திரும்பி வந்தது. உறவினர்களோ ஜெர்மன் அரசாங்கம் உதவித்தொகை தருவதாக எண்ணிப் பெருமைப்பட்டார்கள். தந்தை அவர்களைத் திருத்தவில்லை.

அவள் படித்த கல்லூரியில் வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்குச் செய்தி போகும். இங்கே அவள் வந்தாளா, வரவில்லையா என்று கேட்பாரில்லை. வகுப்புத் தேர்வுகளும் இல்லை, அகமதிப்பீடும் இல்லை. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுவதற்குப் பதிலாக விரல்முட்டியால் மேசையைத் தட்டினார்கள். கேள்விகள் உண்டா என்று பேராசிரியர் ஒவ்வொரு முறையும் கேட்டார். அவள் ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டை மூடினாள். டிசம்பரில் மாலை சீக்கிரமே இருட்டியது. பிப்ரவரியில் ஒரே ஒரு தேர்வு. முழு மதிப்பெண்ணும் அதற்கே. அவளுக்குக் கிடைத்தது 5.0. அந்த நாட்டு அளவுகோலில் 1.0 முதல்தரம், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி, 5.0 தோல்வி.

அடுத்த வாய்ப்புக்கு அவள் இரு மடங்கு உழைத்தாள். பழைய வினாத்தாள்கள் அனைத்தையும் தேடிப் பிடித்து, விடைகளை மனத்தில் ஏற்றிக்கொண்டாள். மறுபடியும் 5.0. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புகளே உண்டு. கட்டாயப் பாடத்தில் மூன்றாவதும் தவறினால் படிப்பு அத்துடன் முடியும். அந்நாட்டின் வேறு பல்கலைக்கழகத்தில் அதே படிப்பைத் தொடரவும் பொதுவாக வழியில்லை. படிப்பை நம்பி நிற்கும் விசாவும் ஆட்டம் காணும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் தொலைபேசியில், "எல்லாம் நன்றாகப் போகிறது, பாபுஜி" என்றாள்.

தேர்வு முடிவு வந்த சில நாட்களில் ஒரு மின்னஞ்சல் வரும். இன்ன நாள், இன்ன நேரத்தில் திருத்திய விடைத்தாளை வந்து பார்க்கலாம் என்ற அறிவிப்பு அது. அதற்கு 'ஐன்ஸிஷ்ட்' என்று பெயர். முதல் முறை அவள் போகவில்லை. மதிப்பெண்ணுக்காகச் சண்டையிடுபவர்களுக்கான ஏற்பாடு அது என்றும், போனால் பேராசிரியரின் மனம் கசக்கும் என்றும் நினைத்தாள். இரண்டாம் முறை, விடுதியில் பக்கத்து அறையிலிருந்த புனே நகரப் பெண் அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

விடைத்தாளின் ஓரங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது: "ஏன்?" சூத்திரம் சரி, கணக்கும் சரி. ஆனால் அந்தச் சூத்திரம் இந்த இடத்தில் ஏன் பொருந்தும், எந்த விசையை எதனால் புறக்கணிக்கலாம் என்று ஓர் இடத்திலும் அவள் எழுதவில்லை. ஒரு பக்கத்தைச் சுட்டிக்காட்டிய உதவியாளர், இது சென்ற ஆண்டுக் கேள்விக்கான விடை என்று கோபமில்லாமல் சொன்னார். அப்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். அந்த நாட்டில் ஒரு பாடத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். பிறகு வாரந்தோறும் சந்திப்பு நேரத்தில் அவருடைய அறைக்குப் போய்வந்தாள்.

இந்த உரிமை இந்தியாவில் இல்லாமல் இல்லை. தேர்வு எழுதியவர் தம் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் நம்மிடையே அது பெரும்பாலும் விடுபட்ட மதிப்பெண்ணைத் தேடும் வழியாகவே இருக்கிறது. தவற்றிலிருந்து கற்கும் வழியாக இன்னும் ஆகவில்லை. 'ஐன்ஸிஷ்ட்' என்ற சொல்லுக்கு ஜெர்மன் மொழியில் உள்ளே பார்த்தல் என்றும் பொருள், புரிதல் என்றும் பொருள்.

மூன்றாம் முறை 3.7 வந்தது. "நான்குக்கு 3.7-ஆ!" என்று தந்தை மகிழ்ந்தார். அன்றுதான் அவள் அந்த எண்ணின் பொருளையும், இரு தோல்விகளையும் சொன்னாள். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. மூன்றாவதும் போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பிறகு கேட்டார். திரும்பி வந்திருப்பேன் என்றாள். "வந்திருக்கலாமே. அதை ஏன் ஓராண்டு தனியாகச் சுமந்தாய்?" என்றார் அவர்.

வரும் அக்டோபரில் புறப்படுவோருக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு, வங்கிக் கணக்கு, குளிர்கால உடை என்று நீண்ட பட்டியலைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அதன் கடைசியில் இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்: முதல் தோல்வியிலேயே விடைத்தாளைப் போய்ப் பாருங்கள், அன்று மாலையே வீட்டுக்கும் சொல்லுங்கள்.